ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள்

சிறு வயதிலேயே விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, இன்று பெரியவர்களாக இருப்பவர்களிடமிருந்தும் அவர்களோடு வாழ்பவர்களிடமிருந்தும் மனநலக் கேள்விகளைக் கேட்டிருந்தோம். திரும்பத் திரும்ப வந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயர் ஊர் நீக்கி, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: எட்டு வயதில் ஹாஸ்டலில் விட்டார்கள். நல்ல பள்ளி. யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. இப்போது வயது 41. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வயிற்றைப் பிசைகிறது. யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. இதற்கு ஹாஸ்டல் காரணமாக இருக்குமா, இல்லை நானாகச் சாக்குத் தேடுகிறேனா?

காரணமாக இருக்கலாம். ‘யாரும் அடிக்கவில்லை’ என்பதைப் பெரும்பாலானோர் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அடி வாங்கியவர்களுக்குத்தான் வலிக்க உரிமை உண்டு என்ற நினைப்பு அதன் பின்னால் இருக்கிறது. நாங்கள் கேட்கும் கேள்வி வேறு: அந்த வயதில் நீங்கள் அழுதால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள அங்கே யாராவது ஒருவர் இருந்தாரா?

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியும் அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் 1950களில், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்து மூன்று கட்டங்களைச் சொன்னார்கள். முதலில் எதிர்ப்பு: அழுகை, பிடிவாதம். அடுத்து துயரம்: சுருண்டு கிடப்பது. மூன்றாவது விலகல்: குழந்தை சாப்பிடும், விளையாடும், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘பழகிவிட்டான்’ என்று எல்லோரும் நிம்மதி அடைவது இந்த மூன்றாவது கட்டத்தில்தான். எட்டு வயதுப் பையன் இரண்டு வயதுக் குழந்தை அல்ல. மொழி இருக்கிறது, காலம் புரிகிறது. ஆனாலும் போக்கு இதைப்போல இருக்கலாம். பவுல்பியே சிறுவனாக விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்.

ஞாயிறு சாயங்காலத்துக்கு வருவோம். வீட்டு நாள் முடிந்து மறுபடி கேட்டுக்குள் நுழைகிற நேரம் பல வருடங்கள் அதுவாகவே இருந்திருந்தால், மனம் மறந்த பிறகும் உடம்பு அந்த மணியை மறப்பதில்லை. நான்கு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, உடம்பில் எங்கே, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, எப்போது தணிந்தது. பையில் துணி அடுக்குவது, சட்டை தேய்ப்பது, யாரோ ஊருக்குக் கிளம்புவது என்று ஏதாவது ஒன்று பலருக்குப் பிடிபடும். பிடிபட்டால் அந்த வேலையைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிவிடுங்கள். ஞாயிறு நான்கிலிருந்து ஏழு வரை தனியாக இருக்காதீர்கள். வயிறு பிசையத் தொடங்கியதும் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு. மூச்சை விடும் நேரம் இழுப்பதைவிட நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். கண்ணை மூடச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் வளர்ந்த சிலருக்குக் கண்ணை மூடினால் பதற்றம் கூடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். காரணம் திங்கட்கிழமை காத்திருக்கும் உங்கள் மேலதிகாரியாகவும் இருக்கலாம். வேலையில்லாத விடுமுறை வாரத்து ஞாயிற்றிலும் இதேபோல் வருகிறதா என்று பாருங்கள். தூக்கம் கெடுவதும் எதிலும் நாட்டமில்லாமல் போவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குறிப்பெழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு போன்ற உடல் காரணங்களையும் அவர் பார்த்துவிடுவார்.

கேள்வி: ‘போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்’ என்று படித்தேன். இது நிஜமான நோயா?

நோய்ப் பட்டியல்களில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பிரிட்டனைச் சேர்ந்த ஜாய் ஷாவெரியன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 2011ல் தன் கட்டுரையில் பயன்படுத்திய பெயர் அது. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் அவர் கண்டவை நான்கு: கைவிடப்பட்ட உணர்வு, துக்கம், சிறைப்பட்ட நிலை, உணர்ச்சியிலிருந்து துண்டித்துக்கொள்வது. அதற்கு முன்பே, 1990லிருந்து, நிக் டஃபெல் என்ற உளச்சிகிச்சையாளர் அங்கே விடுதிப் பள்ளியில் படித்த பெரியவர்களுக்காகக் குழுப் பட்டறைகள் நடத்திவந்தார். சிறுவயதில் பிழைப்பதற்காகக் கட்டிக்கொண்ட ஓர் ஆளுமையைப் பிற்பாடு கழற்றத் தெரியாமல் போவதுதான் சிக்கல் என்பது அவர் பார்வை.

இவையெல்லாம் உதவி தேடி வந்தவர்களைப் பார்த்து எழுதியவை என்பதை மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2014ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், விடுதியில் தங்குபவர்களுக்கும் வீட்டிலிருந்து வருபவர்களுக்கும் பல அளவுகோல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் பதின்வயதினர், ஏழெட்டு வயதில் அனுப்பப்பட்டவர்கள் வேறு கதை. அரசே வற்புறுத்திப் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த கனடாவின் உறைவிடப் பள்ளிகளை இந்தக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. அது வேறு அளவுக் கொடுமை. அந்நாட்டு அரசு 2008ல் மன்னிப்புக் கேட்டது.

உங்களுக்குப் பெயர் தேவைப்பட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம், பதற்றக் கோளாறாக இருக்கலாம், 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இருக்கும் ‘சிக்கலான பிடிஎஸ்டி’யாகவும் (நீண்டகால அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக் கோளாறு) இருக்கலாம். எது என்பதை மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோதான் சொல்ல வேண்டும். எதுவுமே இல்லாமல், பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமாகவும் இருக்கலாம். அதற்கும் தெரபி உதவும்.

கேள்வி: கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவர் ஒன்பது வயதிலிருந்து ஹாஸ்டல். காய்ச்சல் வந்தால்கூடச் சொல்ல மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிடும். சோப்பு டப்பா, பிரஷ், ஷேவிங் செட் எல்லாம் இன்னும் ஒரு ஜிப் பையில்தான். குளித்துவிட்டு ஈரத்தோடு பையில் போட்டு அலமாரியில் வைத்துக்கொள்வார். அதையெல்லாம் சகித்துக்கொள்கிறேன். நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிறாரே, அதுதான் தாங்கவில்லை. என் மேல் பாசமே இல்லையா?

பாசம் இருக்கிறதா என்பதை அவர் எழுந்து போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முப்பது கட்டில் போட்ட கூடத்தில் ஒரு பையன் அழுதால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ஆபத்து. ஒன்று, தன் அழுகையும் கிளம்பிவிடும். இரண்டு, அழுபவன் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேலி விழும். அழுகைச் சத்தம் கேட்டால் விலகு என்பது ஒன்பது வயதில் அவர் கற்ற பாடம், அந்த இடத்துக்குச் சரியான பாடமும்கூட. அதை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

பின்னாலேயே போய் ‘ஏன் பேச மாட்டேங்கிறீங்க’ என்று கேட்டால் இன்னும் உள்ளே போவார். பேச வேண்டியதை முன்கூட்டிச் சொல்லி நேரம் குறியுங்கள்: “ராத்திரி ஒன்பது மணிக்கு இருபது நிமிஷம் பேசணும், பணத்தைப் பத்தி இல்லை, உங்களைக் குறை சொல்லவும் இல்லை.” ஒன்பது இருபதுக்கு முடித்துவிடுங்கள், பேச்சு பாதியில் நின்றாலும் சரி. ‘இது முடிவே இல்லாமல் போகாது’ என்று அவர் உடம்பு நம்ப நான்கைந்து தடவையாவது ஆகும். எதிரெதிரே உட்கார்வதைவிட நடந்துகொண்டோ வண்டியில் போகும்போதோ பேசுவது இவர்களுக்குச் சுலபம். முகத்துக்கு நேரே விசாரிப்பது வார்டன் அறையை நினைவுபடுத்தும்.

‘என்ன வேணும்?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். பத்து வருடம் யாரும் கேட்காத கேள்வி அது; யோசித்தாலும் அவருக்கு உள்ளே பதில் தட்டுப்படாது. இரண்டைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: “பக்கத்துல உட்காரட்டுமா, தனியா விடட்டுமா?” தனியா என்றால் விட்டுவிட்டு, அரை மணி கழித்து வருகிறேன் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு வருவதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கும் இதே விதி: அழுகை தாங்காமல் எழுந்து போகலாம், ஆனால் “பத்து நிமிஷத்துல வரேன்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், வரவும் வேண்டும்.

அந்த ஜிப் பையை எடுத்து ஒழுங்குபடுத்தி வைத்துவிடாதீர்கள். குளியலறையில் அவருக்கென்று ஒரு தட்டைக் காலியாக விட்டு, அது அவருடையது என்று ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இன்னொரு தவறும் நடக்கும்: இதைப் படித்துவிட்டு அடுத்த சண்டையில் ‘நீங்க ஹாஸ்டல்ல வளர்ந்தவர், அதான் இப்படி’ என்று எடுத்து வீசுவது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

உங்கள் தனிமையும் உண்மை. பன்னிரண்டு வருஷம் ஆறுதல் இல்லாமல் இருந்தது உங்களையும் பாதித்திருக்கும். தம்பதியருக்கான உணர்ச்சி மையச் சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 20 செஷன் வரை போகும். ஒருவர் விலகுவது, மற்றவர் துரத்துவது என்ற இந்தச் சுழலைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்ளும். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் ஜோடியாகப் போகாதீர்கள். தனியாக உங்களுக்கென ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: தெரபி போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, உள்ளே என்னதான் நடக்கும்? ஒரு தடவை போய் இரண்டு செஷனில் நின்றுவிட்டேன்.

இரண்டு செஷனில் நின்றது உங்கள் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரபியில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. முன்பே தெரிந்தால் பாதி சமாளித்த மாதிரி.

முதலில் ஆள். பயிற்சித் தகுதியையும் பதிவையும் சரிபார்த்துவிட்டு, முதல் போன் பேச்சிலேயே மூன்று கேளுங்கள். ‘சிறுவயதுப் பிரிவு, நீண்டகால அதிர்ச்சி இவற்றில் பயிற்சி உண்டா?’ ‘நீங்கள் விடுப்பில் போகும்போது எவ்வளவு முன்னால் சொல்வீர்கள்?’ ‘நான் நிறுத்த விரும்பினால் எப்படி முடிப்போம்?’ இரண்டாவது கேள்வியைக் கேட்டு எரிச்சல்படுபவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார். ‘நல்ல படிப்பு கிடைத்ததே, அதை நினைத்துப் பாருங்கள்’ என்று முதல் நாளே ஆறுதல் சொல்பவரும் அப்படித்தான். ஹிப்னாஸிஸ் செய்து மறந்த நினைவுகளைத் தோண்டி எடுக்கிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள். அப்படி ‘கிடைக்கும்’ நினைவுகள் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செஷன் பொதுவாக வாரம் ஒன்று, 50 நிமிடம். முதல் இரண்டு மூன்றில் வரலாறு கேட்பார்கள். அதை எளிதாக்க ஒரு காலக்கோடு வரைந்து கொண்டுபோங்கள். குறுக்கே ஒரு கோடு, அதில் வயது. மேல்பக்கம் வீடு, கீழ்ப்பக்கம் பள்ளி. ஒவ்வொரு வருடத்துக்கும் யாரோடு நெருக்கம், யாரைப் பிரிந்தீர்கள், அங்கே இருந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று குறியுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். தம்பி பிறந்தது, பாட்டி இறந்தது, வீடு மாறியது எல்லாம் கடிதத்தில் தெரிந்துகொண்ட விஷயங்களாக இருக்கும். அழ நேரமில்லாத துக்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்த வேலை பழையதைக் கிளறுவதாக இருக்கக் கூடாது. முதலில் நிலைப்படுத்துவது: தூக்கம், மூச்சு, பதற்றம் ஏறும்போது இப்போது இருக்கும் அறைக்குத் திரும்பி வருவது (கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று என்று எண்ணுவது போல). அது கைவந்த பிறகே நினைவுகளோடு வேலை. டிராமா (மன அதிர்ச்சி) சார்ந்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), ஈஎம்டிஆர் (நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடவலமாக அசைக்கச் சொல்லும் சிகிச்சை) இரண்டுக்கும், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 8 முதல் 12 செஷன் என்கிறது. ஒரே ஒரு விபத்துக்கு அது போதலாம். எட்டு வருட விடுதி வாழ்க்கைக்குப் பெரும்பாலும் போதாது. மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் தருவார். மனச்சோர்வு மாத்திரைகளின் முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மூன்றாம் நாள் ‘வேலை செய்யலை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

இனி வழுக்கும் இடங்கள். முதலாவது, நல்ல மாணவனாக இருப்பது. சரியான நேரத்துக்கு வருவீர்கள், வீட்டுப்பாடம் செய்வீர்கள், தெரபிஸ்ட் மனம் கோணாதபடி பேசுவீர்கள், ஆறு மாதம் ஒன்றுமே நகராது. ‘இந்த வாரம் எப்படி?’ என்றதும் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் தானாகச் சொல்லும். அப்படிச் சொன்னதும் பத்து நொடி நிறுத்தி, தோள், தொண்டை, வயிறு மூன்றையும் கவனித்துவிட்டு மறுபடி பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, தெரபிஸ்டின் விடுப்பு. மூன்று வாரம் வர மாட்டார் என்றதும் ‘எனக்கென்ன’ என்று தோன்றும். அவர் திரும்பி வந்த பிறகு போகவே பிடிக்காது. பலர் நின்றுபோவது இந்த இடத்தில். நீங்களும் அப்படித்தானா என்று பழைய தேதிகளைப் பாருங்கள். விடுப்புக்கு முந்தைய செஷனிலேயே இதைப் பேசி, திரும்பி வரும் தேதியையும் நேரத்தையும் குறித்து வாங்கிவிடுங்கள். மூன்றாவது, திடீரென நிறுத்துவது. மெசேஜ் அனுப்பி நிறுத்தாதீர்கள். விடைபெறாமல் பிரிந்ததே இவர்களில் பலருக்கு மூல வலி. குறைந்தது மூன்று செஷன் ஒதுக்கிச் சொல்லி முடியுங்கள்.

செஷன் முடிந்து அரை மணி நேரத்துக்கு மீட்டிங் எதுவும் வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கஷ்டப்பட்டுத்தான் அந்தப் பள்ளியில் படிக்கவைத்தார்கள். இப்போது போய் வலித்தது என்று சொன்னால் நன்றிகெட்டவள் ஆகிவிட மாட்டேனா?

நன்றியும் வலியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவசரமாகப் போய்ச் சொல்லாதீர்கள். முதலில் அனுப்பாத கடிதம் ஒன்று எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் தொடங்கிவைத்த முறை எளியது: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், எழுத்துப்பிழை பார்க்காமல். எழுதிய உடனே மனம் கனக்கும், அது எதிர்பார்க்கக்கூடியதே. தூக்கம் கெட்டாலோ பதற்றம் கூடினாலோ நிறுத்திவிட்டுத் தெரபிஸ்ட்டிடம் கொண்டுபோங்கள்.

பிறகு பேசுவதென்றால் குற்றச்சாட்டில் தொடங்காமல் கேள்வியில் தொடங்குங்கள்: “என்னை விட்டுட்டுத் திரும்பி வந்தீங்களே, அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது?” சில அம்மாக்கள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலப் பேசுவார்கள். சில அப்பாக்கள் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பதில் வராவிட்டாலும் தாங்குவேனா என்று உங்களைக் கேட்டு, ஆம் என்றால் போங்கள்.

கேள்வி: விடுதியில் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுதியதே பெரிய காரியம். நீங்கள் கத்தாததும் ஓடாததும் சம்மதம் ஆகாது. பயத்தில் உடம்பு உறைந்துபோகும். உடம்பு ஏதேனும் எதிர்வினை காட்டியிருந்தாலும் அது சம்மதம் அல்ல. தெரபிஸ்ட்டிடம் விவரம் சொல்லும் முன் ரகசியக் காப்புக்கு எல்லை எது என்று கேளுங்கள். அந்த நபர் இப்போதும் குழந்தைகளோடு வேலை செய்தால், தகவல் தரும் சட்டக் கடமை தெரபிஸ்ட்டுக்கு இருக்கக்கூடும். எழுதிவைக்க முடிந்தால் நினைவில் உள்ளதை மட்டும், ஊகம் கலக்காமல், தேதி போட்டு எழுதுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த நபரைத் தனியாகத் தொடர்புகொள்ளாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போங்கள், அடுத்த செஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 63 வயது. இத்தனை நாள் ஒன்றும் இல்லை. பேரனுக்கு ஏழு வயது ஆனதிலிருந்து அவனைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

உங்களை அனுப்பிய வயது ஏழாக இருந்திருக்கும். ஏழு வயது எவ்வளவு சின்னது என்பது, அந்த வயதில் ஒரு குழந்தை எதிரில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. தங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ அந்த வயது வரும்போதும், வேலை ஓய்வு பெற்றுக் கால அட்டவணை கழன்றுபோகும்போதும்தான் பலர் முதல்முறை உதவி தேடுகிறார்கள். 63 தாமதம் இல்லை. பேரன் முன்னால் அழுதுவிட்டால் “தாத்தாவுக்குப் பழசு ஞாபகம் வந்துடுச்சு, உன்னால இல்லை” என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஹாஸ்டல்தான் பிடித்தது. வீட்டில் தினம் சண்டை. ‘நீ உண்மையை மறைக்கிறாய்’ என்கிறாள் மனைவி.

மனைவி சொல்வது தப்பாக இருக்கலாம். வீடே பயமாக இருந்த குழந்தைகளுக்கு விடுதி அடைக்கலமாக இருந்ததுண்டு. உங்களுக்குத் தூக்கம், உறவு, கோபம் மூன்றும் சரியாக இருந்தால் யாரும் சொல்வதற்காகத் தெரபிக்குப் போக வேண்டாம்.

கேள்வி: வேறு வழியில்லை, பதினொரு வயதுப் பையனை அடுத்த வருஷம் விடுதியில் சேர்க்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும்?

பள்ளியில் இரண்டு கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுதால், படுக்கை நனைந்தால், பையன் யாரிடம் போவான்? பெயரும் அறையும் சொல்ல வேண்டும்; ‘வார்டன் இருக்கிறார்’ என்பது பதில் ஆகாது. வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்களா? நிற்பார்கள் என்றால் பையன் உண்மை சொல்ல மாட்டான். யாரும் கேட்காத இடத்தில் வாரம் இரண்டு முறையாவது பேச அனுமதி வாங்குங்கள்.

சேர்க்கும் நாளில் அவன் தூங்கும்போதோ விளையாடும்போதோ நழுவி வராதீர்கள். விடைபெறுங்கள், அடுத்து வரும் தேதியைக் காலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள், அந்தத் தேதியை மாற்றாதீர்கள். ‘அழக் கூடாது, நீ பெரிய பையன்’ என்ற வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் விட்டுவிடுங்கள். முதல் மாதம் போனில் அழுதால் கவலைப்படலாம், பயப்பட வேண்டாம். அழுகை சட்டென்று நின்று, எது கேட்டாலும் ‘ம், நல்லா இருக்கேன்’ என்று மட்டும் பதில் வந்து, லீவில் வீட்டுக்கு வந்தவன் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்தால், பள்ளியை மாற்றுவது பற்றி அப்போதே பேசுங்கள், வருடக் கடைசி வரை தள்ளிப்போடாமல்.